மலைநாட்டுக்குக் கடல் தூரமா?

கொட்டகலையில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். காலையிற் கண் விழித்தாற் பனி மூடிய மலை. மாலையிலும் அதே மலை. லயத்து அடுப்பில் வேகும் கருவாட்டின் மணத்தையன்றிக் கடலின் அடையாளம் வேறொன்றும் நம் இல்லங்களில் இல்லை. நம் முன்னோர் மன்னார்க் கரையில் வந்திறங்கிக் காடுகளினூடே கால்நடையாக இம்மலைகளை அடைந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், அவர்தம் சந்ததியாருள் எத்தனையோ பேர் தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றனர். ஆகவே கடலென்பது நமக்குப் பெரும்பாலும் பிரிவின் பெயராகவே இருந்து வந்திருக்கிறது.

ஆயினும், அக்கடலையே தம் கல்விக்கூடமாகக் கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இவ்வாரம் எழுத விழைகிறோம். சான்றோரை அவர் மறைந்த பின்னர் புகழ்வது நம்மவர் வழக்கம். வாழும்பொழுதே போற்றுவது அதனினும் நன்று. அவர்தாம் கொழும்பிற் பிறந்த கடலியல் விஞ்ஞானி கலாநிதி ஆஷா டி வொஸ். கடல்வாழ் பாலூட்டிகளைப் பற்றிய ஆராய்ச்சியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் அவர்.

ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோது, பெற்றோர் வாங்கி வந்த பழைய ‘நேஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகைகளின் பக்கங்களைப் புரட்டியே அவர் உலகைக் கண்டார். பிறர் படித்துக் கழித்த சஞ்சிகைகள் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானித்தன என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற பின், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்து பணம் சேர்த்து நியூஸிலாந்துக்குச் சென்றார். அங்கே கூடாரத்தில் தங்கி ஆராய்ச்சிப் பணிகளிற் பங்கு கொண்டார். அக்காலத்தில் ‘ஒடிசி’ என்னும் ஆராய்ச்சிக் கப்பல் இலங்கைக்கும் வரவிருப்பதாக அறிந்தார். தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு விடாது கடிதம் எழுதினார். இறுதியில் இடம் கிடைத்தது. பட்டதாரியாயிற்றே என்று தயங்காமல், கப்பலிற் பித்தளை துலக்கும் வேலையையும் செய்தார். உடலுழைப்பைத் தாழ்வென்று கருதாத உள்ளமே உயர்வடையும் என்பதை உழைப்பையே வாழ்வாகக் கொண்ட நம் தோட்டத்து மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டு, இலங்கைக்கு அண்மையில் அக்கப்பலில் நின்று அவர் ஒரே இடத்தில் ஆறு நீலத் திமிங்கிலங்களைக் கண்டார். நீர்ப்பரப்பிற் செந்நிறமாய் ஏதோ மிதந்தது. அது திமிங்கிலத்தின் மலம். கண்டவர் முகஞ் சுளித்திருப்பர், அவரோ சிந்தித்தார். இரை தேடக் குளிர்ந்த கடல்களுக்கும், குட்டி ஈன வெப்பக் கடல்களுக்கும் பெருந்திமிங்கிலங்கள் யாத்திரை போகும் என்பதே அவர் கற்ற பாடம். இங்கே மலம் மிதக்கிறதெனில் இங்கேயே இரையும் உண்டன்றோ? இக்கேள்வியே அவர் வாழ்நாட் பணியாயிற்று. 2008ஆம் ஆண்டில் இலங்கை நீலத் திமிங்கிலங்களைப் பற்றிய ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கினார். உலகிலேயே மிகப் பெரிய அவ்வுயிரினத்தின் ஒரு கூட்டம் வருடம் முழுவதும் நம் வெப்பக் கடல்களிலேயே வாழ்வதையும், சிற்றிறால் வகைகளை உண்பதையும் அவரும் சக ஆராய்ச்சியாளரும் உலகுக்கு எடுத்துக் காட்டினர்.

திமிங்கிலத்தின் மலத்தால் யாருக்கு என்ன பயன் என்று எண்ணற்க. மரக்கறித் தோட்டத்துக்குச் சாணம் எப்படியோ, கடலுக்கு அது அப்படியே. அதிலுள்ள இரும்புச் சத்தை உண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்டாவரங்கள் செழிக்கின்றன. அவை மீன்களுக்கு உணவின் தொடக்கம். நாம் மூச்சிழுக்கும் பிராணவாயுவையும் தருவன. நம் வீட்டுக் கருவாட்டிலும் திமிங்கிலத்தின் தானம் ஒரு சிறிது கலந்திருக்கலாம்.

இத்தகைய பேருயிருக்கும் பகை உண்டு. இலங்கையின் தென்முனைக்கு அப்பாற் செல்லும் கப்பற்பாதை உலகில் மிக நெரிசலானவற்றுள் ஒன்று. 2012ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தை அடைந்த கொள்கலன் கப்பலொன்றின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று சிக்கிக் கிடந்தது. பாதையைச் சிறிது தெற்கே விலக்கினாற் பல உயிர்கள் தப்பும் என்று கலாநிதி டி வொஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் பல்லாண்டு வாதாடினர். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து எம்.எஸ்.சி. என்னும் பெருங் கப்பற் கம்பனி தன் கப்பல்களை அவ்வாறே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது.

2017இல் அவர் ‘ஓஷன்ஸ்வெல்’ என்னும் நிறுவனத்தை நிறுவினார்; 2018இல் பி.பி.சி. தெரிந்தெடுத்த நூறு பெண்மணிகளுள் ஒருவராக இடம்பெற்றார். எனினும் இவ்விருதுகளினும் அவர் ஓயாது வலியுறுத்தும் ஒரு கருத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அயல்நாட்டார் வந்து ஆராய்ந்து தம் ஊருக்குத் திரும்பிவிடுவதாற் கடல் காக்கப்படாது. ஒவ்வொரு கரையையும் அவ்விடத்து மக்களே கற்றுக் காக்க வேண்டும் என்பதே அது.

‘அவ்விடத்து மக்கள்’ என்னும் சொல்லில் நாமும் அடங்குவோமா? அடங்குவோம் என்றே துணிந்து சொல்வோம். கொட்டகலையை அடுத்து டெவோன் அருவியாய் விழும் நீர், கொத்மலை ஓயா வழியே மகாவலியிற் கலந்து திருகோணமலைக் கடலை அடைகிறது. அக்கடலிலும் நீலத் திமிங்கிலங்கள் உலவுகின்றன. நாம் ஓடையில் எறியும் பிளாஸ்டிக் பையும் மலைச்சரிவில் இடும் இரசாயன உரமும் அவ்வழியே பயணஞ் செய்ய வல்லன. மலையிலிருப்பவனே கடலுக்கு முதற் காவலன்.

இன்னுமொன்று. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நம் பிள்ளைகள் வைத்தியராக இயலாவிடிற் படித்ததெல்லாம் வீண் என்று மனமுடைவதைக் காண்கிறோம். பெண்பிள்ளையாயின் அத்துடன் கல்விக்கே முற்றுப்புள்ளி இடும் வீடுகளும் உள. றுகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞானங்களுக்கெனத் தனிப் பீடமே இருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடலையே காணாத சிறுமி ஒருத்தி கடலைப் பற்றிக் கேள்வி கேட்டால், “உனக்கெதற்கு அது?” என்று வாயடைக்காதீர்கள். தேசப்படத்தை விரித்து, மகாவலி எங்கே போய் முடிகிறதென்று அவளுடன் சேர்ந்து பாருங்கள்.