கார்க்கியா, கோர்க்கியா?

சாரல் சீசன்ல தென்காசி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறது தனி சுகம். மேக்க மலை முழுக்க மேகம், மூஞ்சில பூ மாதிரி சாரல். போன சீசன்ல அப்படி நின்னுக்கிட்டு இருந்தப்ப வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து, "கோர்ட்டல்லம் பஸ் எங்க நிக்கும்?"னு கேட்டார். சுத்தி இருந்த எல்லாரும் சிரிச்சுட்டோம். பாவம், குற்றாலத்தோட ஆங்கில ஸ்பெல்லிங்ல 'கோர்ட்'தான் முன்னால நிக்குது. அவர் என்ன செய்வார்?

என் கூட நின்ன சித்தப்பா மகன் மட்டும் சிரிக்கல. "என் பேரையும் நாம இப்படித்தானண்ணே வாசிச்சோம்?"னான். அவன் பேரு கார்க்கி.

சித்தப்பா பீடித் தொழிலாளர் சங்கத்துல இருந்தவர். தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பில் 'தாய்' நாவலைப் படிச்சுட்டு மகனுக்கு வச்ச பேரு. ரகுநாதனும் திருநெல்வேலிக்காரர் என்பதில் அவருக்குக் கூடுதல் பெருமை.

சரி, பெயருக்கு வருவோம். அந்த எழுத்தாளரின் இயற்பெயர் அலெக்சேய் மக்சீமவிச் பேஷ்கவ் (1868-1936). நடுவில் இருக்கும் மக்சீமவிச் என்றால் மக்சீமின் மகன். நம்ம இனிஷியல்தான். நாம ஒரு எழுத்தா சுருக்கிட்டோம், அவங்க முழுசா சொல்றாங்க. மூணு வயசுல அப்பாவைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர், 1892-ல் முதல் கதை அச்சேறியபோது அந்த அப்பா பேரையே முன்னால போட்டுக்கிட்டு, பின்னால ஒரு சொல்லைச் சேர்த்தார். பரம்பரையா வந்த குடும்பப் பெயர் இல்ல, அவரே வச்சுக்கிட்டது. பொருள்: கசப்பானவன்.

பிள்ளைக்குப் போய் கசப்புன்னு பேரு வைப்பாங்களான்னு கேக்காதீங்க. வேம்புன்னு ஆசையா பேரு வைக்கிற சனம்தான நாம?

இப்ப உச்சரிப்பு. ரஷ்ய மொழியில் 'ஓ' என்ற எழுத்து, அழுத்தம் விழும் இடத்தில்தான் ஓ. அழுத்தம் இல்லாத இடத்தில் 'அ' பக்கம் சாய்ந்துவிடும். இந்தப் பெயரில் அழுத்தம் முதல் அசையில். ஆகவே கோர்க்கி. முதல் எழுத்துக்கு 'காந்தி'யில் வரும் க-வின் ஒலி. ர்-க்கு லேசா ஒரு ய் சாயல்.

இதே கணக்குல டால்ஸ்டாயைப் பாருங்க. அங்கே அழுத்தம் கடைசி அசையில். முதல் ஓ 'அ' ஆகிடும், கடைசி ஓ அப்படியே நிக்கும். தல்ஸ்தோய்! நாம ஆ போட்ட ரெண்டு இடமும் தப்பு. ரஷ்ய 'த' பல்லில் நாக்கு படும் நம்ம த-தான். ஆங்கிலம் வழியா வந்ததால ட ஆகிப்போச்சு. தஸ்தயேவ்ஸ்கி மட்டும் எப்படியோ கிட்டத்தட்ட முழுசா வந்து சேர்ந்துட்டார்.

கோர்க்கி எப்படி கார்க்கி ஆனார்? டாக்டர், காபி, ஆபீஸ் எல்லாம் எப்படி வந்ததோ அப்படித்தான். ஆங்கில ஓ-வைக் கண்டா ஆ போடுறது நம்ம பழக்கம்.

என் கட்சி இதுதான். ரஷ்ய எழுத்தாளரைப் பத்தி எழுதும்போது கோர்க்கின்னே எழுதுவோம். ஓ, த ரெண்டும் நம்ம கையிலேயே இருக்கும்போது ஆங்கிலத் தரகு எதுக்கு?

அப்ப தம்பி? அவன் கதை வேற. பள்ளிச் சான்றிதழ்ல அவன் பேரு ஆங்கிலத்துல 'கே'யில் தொடங்குது, ஆதார்ல 'ஜி'யில். பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சப்ப ஒருத்தர், "ரெண்டும் ஒரே ஆள்தானா?"ன்னு கேட்டாராம். எதை மாத்தப் போறேன்னு கேட்டேன். நான் இவ்வளவு இலக்கணம் பேசியும் அவன் அசரல. "எங்கப்பா என்னைக் கார்க்கின்னுதான் கூப்பிட்டார். ஆதாரைத்தான் மாத்தணும்"னுட்டான்.

யோசிச்சா அவன் சொல்றதும் சரிதான். எழுதுறது குற்றாலம், ஊர்க்காரங்க வாயில வர்றது குத்தாலம். அது தப்புன்னு சொல்ல நாம யாரு? பேரு அதோட வாழ்றவங்களுக்குத்தான் சொந்தம்.

அவர் பிறந்த நீஷ்னி நோவ்கரத் நகரத்துக்கு 1932-ல் அவர் பேரையே வச்சாங்க. 1990-ல் பழைய பேரு திரும்பி வந்துடுச்சு. ஊரே பேரைத் திருப்பிக் கொடுத்தாலும், தென்காசிக்காரன் கொடுக்க மாட்டேங்கிறான்.

உங்க தெருவுல லெனின், ஸ்டாலின், புஷ்கின் யாராச்சும் இருந்தா, அவங்க அப்பா எப்படிக் கூப்பிட்டார்னு கேட்டு வந்து சொல்லுங்க மக்களே.