நெல்லு முதல் சோறு வரை: நடுவுல காசு எங்கே போகுது? புதுச்சேரி விவசாயிகளுக்கு ‘மதிப்புச் சங்கிலி’ ஏன் முக்கியம்?

கடையில் தக்காளி வாங்க நீங்கள் கொடுக்கும் ஒரு ரூபாயில், அதை விளைவித்தவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? நாடு முழுவதற்குமான சராசரியாக சுமார் 33 பைசா என்கிறது, 2024 அக்டோபரில் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை. வெங்காயத்துக்கு 36 பைசா, உருளைக்கிழங்குக்கு 37 பைசா. அதே சமயம் வெளியான இன்னொரு கட்டுரையின்படி, கொண்டைக்கடலையில் விவசாயியின் பங்கு சுமார் 75 பைசா.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? காரணங்கள் பல. அதில் முக்கியமான ஒன்று, கடலை மூட்டையில் காத்திருக்கும், தக்காளி காத்திருக்காது என்பது. இந்தக் ‘காத்திருப்பு’தான் புதுச்சேரி சிறு விவசாயிகளின் பிரச்சினைக்கும் அடிப்படை. விவரமாகப் பார்ப்போம்.

மதிப்புச் சங்கிலின்னா என்ன?

விதை வாங்குவதில் தொடங்கி, சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் வரை ஒரு பயிர் எத்தனை கை மாறுகிறதோ, அத்தனையும் சேர்ந்ததுதான் மதிப்புச் சங்கிலி. ஒவ்வொரு கட்டத்திலும் பொருளின் மதிப்பு கூடும். அந்தக் கூடுதல் காசு யாருக்குப் போகிறது, எங்கே சேதாரம் ஆகிறது, விலையை யார் முடிவு செய்கிறார் என்று ஒவ்வொரு படியாகக் குறித்து வைப்பதுதான் ‘சங்கிலியை வரைபடமாக்குவது’.

இதை இடைத்தரகர்களைத் துரத்தும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வண்டி வாடகை, மூட்டை தூக்கும் கூலி, கடன் என்று வியாபாரி செய்யும் வேலைகளையும் யாராவது செய்தே ஆக வேண்டும். அதை யார், என்ன செலவில் செய்வது என்பதுதான் கேள்வி.

பாகூர் நெல்லை வைத்து ஒரு கணக்கு

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, பொது ரக நெல்லுக்கு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைத்தால் அரசு கணக்குப்படி 68 கிலோ புழுங்கல் அரிசி கிடைக்கும். அதாவது ஒரு கிலோ அரிசிக்கான நெல் விலை 35 ரூபாய்க்குள்.

உங்கள் வீட்டு அரிசி விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பது எல்லாமே லாபம் இல்லை. அரவைக் கூலி, மூட்டை, போக்குவரத்து, கடை வாடகை எல்லாம் அதில் அடக்கம். ரகத்துக்கு ரகம் விலையும் மாறும். ஆனால் இன்னொரு பக்கம் தவிடு, உமி, குருணைக்கும் தனியாக விலை உண்டு. நெல்லாகவே விற்கும் விவசாயிக்கு அதில் பங்கு வராது.

சங்கிலி எங்கே அறுகிறது?

• ஈரம்: அரசு கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால், உலர்த்தக் களம் இல்லாதவர் வந்த விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டும்.

• கடன்: அறுவடை இயந்திர வாடகையும் உரக்கடை பாக்கியும் அறுத்த வாரமே கதவைத் தட்டும். ஊருக்கே ஒரே நேரத்தில் அறுவடை என்பதால் விலை இறங்கியிருக்கும் சமயமும் அதுதான்.

• எல்லை: புதுச்சேரி கிராமங்கள் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை சேர்த்து பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் அறிவித்தது. அங்கே விற்க சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பக்கத்து வயல்காரருக்குக் கிடைக்கும் அந்த விலை, புதுச்சேரி மண்ணில் பயிர் வைத்தவருக்கு எட்டாது. இங்கேயும் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வேண்டும் என்பது பாகூர், காரைக்கால் விவசாயிகளின் நீண்டநாள் கோரிக்கை.

வில்லியனூர் 1998-லேயே காட்டிய வழி

விலை தெரியாததுதான் பிரச்சினையா? அதற்கும் புதுச்சேரியிலேயே ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நிதியுதவியுடன் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. செல்போன் பரவாத காலம் அது. வயர்லெஸ் கருவிகள் மூலம் எம்பலம் போன்ற கிராமங்களுக்கு தானிய விலை, இடுபொருள் விலை, அரசுத் திட்ட விவரங்கள் போய்ச் சேர்ந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது.

இன்று அந்தத் தகவல் எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறது. 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் இ-நாம் மின்னணுச் சந்தையிலும் புதுச்சேரி இணைந்திருக்கிறது. ஆனாலும் விலை தெரிந்தவர் எல்லோராலும் அந்த விலைக்கு விற்க முடிவதில்லை. நாளைக்கு நல்ல விலை வரும் என்று தெரிந்தாலும், நாளை வரை நெல்லை வைத்திருக்க இடமும் கையில் காசும் வேண்டும்.

பாலில் முடிஞ்சது நெல்லில் ஏன் முடியல?

தினமும் காலையில் புதுச்சேரிக்காரர்கள் வாங்கும் பாண்லே பால், கூட்டுறவுச் சங்கிலிக்கு உதாரணம். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரும் கிராமச் சங்கத்தில் பால் ஊற்றலாம். குளிரூட்டல், பதப்படுத்தல், விற்பனை எல்லாம் கூட்டுறவின் பொறுப்பு. பாலும் தக்காளி மாதிரி காத்திருக்காத பொருள்தான். காத்திருக்கும் வேலையை குளிரூட்டும் தொட்டி எடுத்துக்கொள்கிறது. குஜராத்தின் அமுல், நுகர்வோர் தரும் ரூபாயில் சுமார் 80 பைசா உற்பத்தியாளருக்கே போவதாகச் சொல்கிறது. நெல்லுக்கும் காய்கறிக்கும் இப்படி ஒரு அமைப்பு இங்கே வலுவாக உருவாகவில்லை.

என்ன செய்யலாம்?

1. உலர்களமும் கிடங்கும்: ஊருக்கு ஊர் களம் இருந்தாலே ஈரத்துக்காக விலை குறைவது பெருமளவு நிற்கும்.

2. மூட்டையை வைத்துக் கடன்: அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில் விளைச்சலை வைத்து ரசீது வாங்கினால், கிசான் கிரெடிட் கார்டு உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு அறுவடைக்குப் பிறகு 6 மாதம் வரை வட்டிச் சலுகையுடன் கடன் கிடைக்கும்.

3. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்: 2020-ல் தொடங்கிய மத்திய திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 விவசாயிகள் சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. 10,000 நிறுவனங்கள் என்ற இலக்கை எட்டியதாக 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் பதிவு செய்வது முதல் படிதான். உறுப்பினரின் நெல்லை வாங்கி, அரைத்து, விற்கும் அளவுக்கு அவற்றிடம் முதலீடு வேண்டும்.

4. உள்ளூர் அரிசிக்கு உள்ளூர் சந்தை: புதுச்சேரியில் மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளி சமயத்தில் மீண்டும் திறந்தன. அங்கே போகும் அரிசியில் ஒரு பகுதியையாவது பாகூர், காரைக்கால் நெல்லில் இருந்து எடுத்தால், விவசாயிக்கு நிலையான வாடிக்கையாளர் கிடைப்பார்.

இதில் எல்லாம் விடுபடக் கூடாதவர் குத்தகை விவசாயி. நிலப் பத்திரம் அவர் பெயரில் இல்லை என்பதால் கடன், கொள்முதல், நிவாரணம் மூன்றிலும் அவர்தான் முதலில் வெளியே நிற்கிறார். சங்கிலியை வரைபவர்கள் பட்டாவை மட்டும் பார்த்து வரைந்தால், வயலில் இறங்கி உழைப்பவர் அந்தப் படத்திலேயே இருக்க மாட்டார்.