பாயும் சேவலை என் செய்வது?

ஒரகடத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தொழிற்சாலைகள் பெருகியபின் வீட்டுக்கொல்லைகள் சுருங்கி, அவற்றில் வாடகைக் குடித்தனங்கள் எழுந்துள்ளன. கோழி வளர்ப்பு நின்றபாடில்லை, நிற்கவும் வேண்டாம். ஆனால் ஆளைக் கண்டால் பாய்ந்து உதைக்கும் சேவலை ‘வீட்டுக்குக் காவல்’ என்று பெருமையோடு வைத்திருப்பதை நான் ஏற்க இயலாது. பெரியவர்க்குக் கணுக்காலில் படும் முள், தவழும் குழந்தைக்குக் கண்ணில் படும்.

கோழிகளிடையே உயர்வு தாழ்வு வரிசை உண்டென்பதை நார்வே அறிஞர் ஷெல்டெரப்-எப்பே 1922இல் எழுதி வெளியிட்டார். பருவமெய்திய சேவல் சிலவேளை மனிதரையும் போட்டியாளராகக் கொள்கிறது. விளக்குமாற்றால் அடித்தால் சண்டைக்கு அழைத்ததாகக் கருதும், ஓடினாலோ துரத்தும். அசையாது நின்று, பின் மெல்ல விலகுவதே தக்கது. கால்முள்ளின் நுனியை மட்டும் மழுக்கலாம். ஆழ வெட்டினால் குருதி பெருகும். முள் தைத்த புண்ணைச் சோப்பிட்டுக் கழுவித் தனுர்வாத ஊசிக்கு மருத்துவரை அணுகுக.

அதன்பின்னும் அடங்காததைக் கறிக்கு விற்றுவிடுவதே முறை. அதனுடன் கூடிய பெட்டையின் முட்டைகளை அடைக்கு வைத்தல் ஆகாது; குணம் வழிவழி இறங்கும். நமது அசில் இனத்தில் களத்து மூர்க்கமும் வளர்ப்பவரிடம் பணிவும் ஒருங்கே அமைந்தது தேர்ந்து வளர்த்ததனாலன்றோ?

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டைக்கு மட்டும் வளர்ப்போர்க்கு அதுவும் வேண்டா. சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். கருவற்ற அம்முட்டை கோடையில் கூடுதல் நாள் தாங்கும். நம்பாத உறுப்பினர் பலர். அவர்கள் ஒரு மாதம் சேவலைப் பிரித்துவைத்து, முட்டைக்கணக்கை நாள்தோறும் எழுதிப் பார்க்கட்டும்.