வேய்ந்த கூரையும் மறந்த கடமையும்

சித்திரைத் திங்களில் செம்பட்டி வட்டாரத்தில் சூறைக்காற்று வீசினால், வாழைத் தோட்டங்களுக்கு அடுத்தபடியாக அதற்கு இரையாவன எளியோர் வீட்டுக் கூரைகளே. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று, மாலையில் இடிமுகிலாகத் திரள்கிறது. அம்முகிலிலிருந்து குளிர்ந்து இறங்கும் காற்று தரையில் மோதி நாற்புறமும் சீறிப் பாய்கிறது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். கூரை இழந்தோர், "காற்று கொண்டுபோயிற்று, நாம் என்ன செய்வது?" என்று ஆறுதல் கொள்வர். இவ்வாறுதலை நாம் ஏற்பதற்கில்லை.

கூரை அமைத்தலையும் மலர் சூடுதலையும் 'வேய்தல்' என்னும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். முல்லை நிலச் சிற்றூர்களில் வரகு வைக்கோலால் கூரை வேய்ந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. மலர் வாடும், வைக்கோலும் ஓலையும் மட்கும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதைக் களைந்து, கட்டுகளையும் மூங்கிலையும் சோதித்துப் புதிதாக வேய்ந்தனர். தகரமும், ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தகடும் வந்தபின் கூரை மாறியது. சோதித்துப் பார்க்கும் வழக்கமும் உடன் மறைந்தது. இழப்பின் வேர் இங்கேதான் உள்ளது என்பது எம் கருத்து.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. கூரையின் மேல் விரையும் காற்று தகட்டை மேல்நோக்கி இழுக்கிறது. திறந்த கதவு வழியே புகும் காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. இழுப்பு மிகுவது ஓரங்களிலும் மூலைகளிலுமே. அங்குள்ள கொக்கி ஆணி துருப்பிடித்திருந்தால் முதல் தகடு பெயரும். பின்னர் மற்றவையும் தொடரும். தகட்டின் மேல் கல் அடுக்குவதும் காப்பாகாது. அக்கல்லே உருண்டு ஆளை வீழ்த்தக்கூடும்.

புயலுக்குப் பின்னும் கவனம் வேண்டும். நனைந்த கல்நார்த் தகட்டின் மேல் ஏறினால் அது காலடியில் உடையும். பலகையிட்டே ஏறுதல் வேண்டும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பன என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்துள்ளது. ஆதலின் உடைந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் பெருக்காமல், நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அகற்றுதல் வேண்டும். அவற்றை இடித்துப் பாதை நிரப்புதல் கூடவே கூடாது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் நம் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. அதற்கேனும் சில நாள்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்தது. கோடைச் சூறை அவ்வளவு தவணை தருவதில்லை. அது வருமுன்னரே ஆயத்தமாதல் ஒன்றே வழி.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கப்பட்டது. அதன் மாணவச் செல்வங்கள், மாசித் திங்களில் தச்சர் ஒருவருடன் தெருத்தெருவாகச் சென்று கூரைகளைச் சோதிக்கலாகாதா? விதவையர், முதியோர், கூலித் தொழிலாளர் ஆகியோர் இல்லங்களுக்கு வேண்டிய ஆணிகளின் செலவை, எந்தச் சமயத்தார் வீடு என்று பாராமல், ஊர்ப் பெரியோர் ஏற்கலாகாதா? பறந்த கூரைக்கு நன்கொடை திரட்டும் நல்லுள்ளங்கள் நம் ஊரில் என்றும் உண்டு. அக்கொடையில் சிறு பகுதி, காற்று வீசுமுன் ஆணிக்கு ஆகட்டும். எளியவன் இரவில் நனையாமல் உறங்க அதுவே போதும்.