புதிய கோப்பையும் பழைய குழியும்

வீடு கட்டுவோர் முன்விறாந்தைக்குத் தேடித் தேடி ஓடு பதிப்பர். வாயிற் கதவுக்கு முதிரை மரம் தேர்ந்தெடுப்பர். மலசலகூடத்துக்கோ மிஞ்சிய கல்லும் மிஞ்சிய சீமெந்துமே போய்ச் சேரும். விருந்தினர் கண்ணிற் படாத இடம் என்பது காரணமாகலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் உடல்நலம் தங்கியிருப்பது முன்விறாந்தையிலா, பின்வளவிலா என்று கேட்டால், விடைகூறத் தயங்க வேண்டியதில்லை.

வயது முதிர்ந்தோருக்கு முழங்கால் மடங்காதபோது, குந்தும் கோப்பையை அகற்றிவிட்டு இருந்து பயன்படுத்தும் கொமோட் வைக்கும் வழக்கம் நம் கல்முனைப் பகுதியிலும் பெருகி வருகின்றது. விடுமுறை நாளில் அதனைத் தம் கையாலேயே செய்து முடிக்க விரும்பும் இளைஞர் பலர். விரும்பத்தக்க முயற்சியே. அன்னாருக்குச் சில சொல்ல விழைகின்றேன்.

வேலை பெருவித்தை அன்று. கடைக்குப் போகுமுன் சுவரிலிருந்து கழிவுத் துவாரத்தின் நடுப்பகுதி வரையுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குப் பொருந்தாத கொமோட் எத்துணை அழகாயினும் பயன்படாது. பழைய கோப்பையில் நிற்கும் நீரை முகந்து வெளியேற்றி, சுற்றியுள்ள சீமெந்தை உளியால் மெல்லத் தட்டிப் பெயர்த்து, கோப்பையைத் தூக்கியவுடன் துவாரத்தைப் பழந்துணியால் அடைத்துவிட வேண்டும். குழியின் நாற்றமும் வாயுவும் அறைக்குள் ஏறாதிருக்கவும், உடைந்த கற்கள் குழாயினுள் விழாதிருக்கவும் இஃது அவசியம். புதிய கோப்பையை வைக்குமுன் அத்துணியை எடுக்க மறவாதீர். மட்டம் பார்த்து நிறுத்தி, இணைப்பை இறுக்கி, பூச்சு நன்கு இறுகும்வரை பொறுத்திருந்து, பின்னர் ஒரு வாளி நீரை ஊற்றிக் கசிவு உண்டா எனப் பாருங்கள்.

கோப்பையின் கீழே வளைந்த கழுத்துப் போன்ற பகுதியொன்று உண்டு. அதில் எப்போதும் நிற்கும் சிறிதளவு நீரே குழிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவு. இலண்டனில் மணிக்கூடு செய்துவந்த அலெக்சாந்தர் கமிங் என்பார் 1775ஆம் ஆண்டு இவ்வளைவுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நாற்றத்தையும் பூச்சிகளையும் ஒரு குவளை நீர் தடுத்துவிடுகின்றது.

இனிக் கோப்பைக்குக் கீழே செல்வோம். குந்தும் கோப்பைக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று லீற்றர் நீர் ஊற்றினாற் போதும். நான்கு பேருள்ள வீட்டில், ஆளுக்கு ஐந்துமுறை என்று கொண்டால், நாளுக்கு ஏறத்தாழ 50 லீற்றர் ஆகும். தொட்டியிலிருந்து ஒவ்வொரு முறையும் 6 லீற்றர் பாயும் கொமோட் வைத்தால் அதுவே 120 லீற்றர். பழைய பெருந்தொட்டிகள் சில 13 லீற்றர் வரை கொட்டுவன. அவ்வாறாயின் 260 லீற்றர். மேலே மாற்றியது பீங்கான் ஒன்றே. கீழேயுள்ள குழியின் சுமையோ இருமடங்குக்கு மேலாகிவிட்டது. அந்நீர் எங்கே போகின்றது?

நம் ஊர்களின் நிலம் மணல். அதன் அடியில் அதிக ஆழமில்லாமலே நன்னீர் கிடைப்பது இக்கரைக்கு வாய்த்த பெரும்பேறு. ஊற்றிய நீரை உடனே உறிஞ்சிக் கீழே அனுப்புவதும் அதே மணலே. மலக்குழியின் அடி நிலநீர் மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்கவேண்டும் என்றும், கிணற்றுக்கும் குழிக்கும் 30 மீற்றராவது இடைவெளி வேண்டும் என்றும் துயர்துடைப்புப் பணிகளுக்கான ஸ்பியர் எனும் அனைத்துலகக் கையேடு கூறும். மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கட்டும். பத்துப் பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அது சதுரமாயின் பக்கம் 16 மீற்றர். மூலைக்கு மூலை அளந்தாலும் 23 மீற்றர் வராது. உங்கள் கிணற்றுக்குத் தூரமாக வைக்கும் குழி, அயலவர் கிணற்றுக்கு அண்மையாகிவிடும்.

ஆவணி மாதத்து வறட்சியில் ஆழம் பார்த்துத் திருப்தியடைதலும் ஆகாது. வாடைக்காற்று மழையைக் கொணரும் மார்கழியில் நிலநீர் மேலெழுந்து, குழியும் கிணறும் ஒரே நீரில் நிற்கும். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது கிணறும் மலக்குழியும் ஒன்றாய்க் கலந்ததைக் கண்ணாரக் கண்டோம். ஒருநாளிற் கடல் செய்ததை ஆண்டுதோறும் மழை ஓசையின்றிச் செய்கின்றது. நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும். கழிவிலிருந்து கலக்கும் நைத்திரேற்று போகாது. புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளின் குருதிக்கு அது கேடு. குழாய்நீர் வந்த வீட்டிலும் கிணற்றை முற்றாகக் கைவிட்டவர் குறைவே.

ஆகவே, கோப்பையை மாற்றும் நாளே குழியைப் பற்றிச் சிந்திக்கும் நாள். அரைப்பாய்ச்சல், முழுப்பாய்ச்சல் என இரு பொத்தான் உள்ள தொட்டியை வாங்குங்கள். சிறு தேவைக்கு 3 லீற்றரே செலவாகும். அடிப்பாகம் திறந்த குழியாயின், நாற்புறமும் அடியும் சீமெந்திட்ட தொட்டியாக அதனை மாற்ற மேசனை அழையுங்கள். நிறைந்தபோது பவுசர் வந்து அகற்றட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் கேளுங்கள். குழியினுள் மட்டும் எவரும் இறங்கலாகாது. அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு முதலில் முகரும் உணர்வைக் கொல்லும். பின்னர் ஆளையே கொல்லும். தம் கையாற் செய்யும் வேலைக்கு அதுவே எல்லை.

நான் உளியும் கையுமாக நின்றதைக் கண்ட அயல்வீட்டுக் காக்கா, “சேர், இதற்கு ஓர் ஆளைப் பிடித்திருக்கலாமே” என்றார். அன்புடன் சொன்னதே. ஆயினும் அந்த ‘ஆள்’ என்ற சொல்லின் பின்னே நீண்ட வரலாறு உண்டு. வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில், நகரத்தார் கழிவைத் தலையிற் சுமக்கவென்றே ஒரு கூட்டத்தாரை ஒதுக்கி வைத்திருந்தோம். 1901இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கு நாறிக் கிடந்த கழிப்பிடத்தைத் தாமே துடைப்பம் எடுத்துத் துப்புரவு செய்தார். கழிவைக் கண்ணாற் காணாதவன் அது எங்கே போகின்றது என்றும் கேட்பதில்லை. தன் கையால் ஒருமுறை கோப்பையைப் பெயர்த்துப் பார்த்த இளைஞன் கேட்பான்.

அந்தக் காக்கா ஐவேளைத் தொழுகைக்கு வுளூச் செய்வதும், என் இல்லாள் பூசைக்குச் செம்பில் நிறைப்பதும் ஒரே மணலின் அடியில் ஊறும் நீரே. வேலி நிலத்தின் மேலேதான் இருக்கின்றது, நீருக்கு வேலியில்லை. நம் குழியைச் செவ்வனே வைத்தல் நம் வீட்டுக்குச் செய்யும் வசதி மட்டுமன்று; அயலவருக்குச் செலுத்தவேண்டிய கடனும் ஆகும்.