தரவுத்தளமும் துபாஷியும்

நம் கலாசாலையில் கணினிக் கல்வி பயிலும் மாணாக்கரிடையே ஒரு வழக்கம் பரவி வருகின்றது. தரவுத்தளத்தை வினவும் மொழியாகிய எஸ்.கியூ.எல்.-ஐக் கற்குமுன்னரே, அதனைத் தமக்காக எழுதித் தரும் பெரிய நிரல்நூலகங்களைக் கையாளத் தொடங்கிவிடுகின்றனர். இதனை யாம் மெச்சவில்லை.

தரவை அட்டவணைகளாக வைத்து, ஒன்றோடொன்று உறவுபடுத்தும் கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் காட் என்பார் 1970-இல் வெளியிட்டார். அக்கொள்கையின் மேல் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வகுத்த வினவுமொழியே இற்றை எஸ்.கியூ.எல்.-க்கு மூலம். எத்துணையோ நிரல்மொழிகள் எழுந்து அடங்கின. இஃது அரை நூற்றாண்டு கடந்தும் நிலைபெற்றுளது.

முற்காலத்தில் சென்னப்பட்டினத்துக் கும்பினி வர்த்தகர் நம் மொழி அறியாராய்த் துபாஷிகளை நம்பிக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். துபாஷி சொன்னதே அவர்க்கு வேதம். ஹைபர்னேட், என்டிட்டி பிரேம்வொர்க் முதலிய பெருநூலகங்கள் அத்தகைய துபாஷிகளே. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வந்த 60 கப்பல்களையும் அவற்றின் சரக்குகளையும் ஒருவன் கேட்கின்றான் என்க. அவன் கவனியாதவிடத்து, துபாஷி முதலிற் கப்பற் பட்டியலை வாங்கிவந்து, பின்பு கப்பலுக்கு ஒருமுறையாக 60 முறை தரவுத்தளத்திற்கு நடப்பான். இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஒரே வினாவால் முடியும் காரியம் 61 வினாக்களாகின்றது. ஆய்வகத்தில் ஆறு கப்பல்களை வைத்துச் சோதித்தவனுக்கு இது புலப்படாது, அலுவலகத்திற் புலப்படும்.

டாப்பர் என்னும் சிறுநூலகம் சி-ஷார்ப் மொழியார்க்காக 2011-இல் வெளிவந்தது. இது துபாஷியன்று, ஓலை கொண்டு செல்லும் தூதன். வினாவை நாமே எழுதுதல் வேண்டும். அதனைத் தரவுத்தளத்திற்குச் செலுத்தி, வந்த வரிகளை நம் நிரலுக்கேற்ற பொருள்களாக்கித் தருவதே அதன் தொழில். ஒவ்வொரு பத்தியையும் கையால் எடுத்து வைக்கும் சலிப்பு நீங்குகின்றது. அச்சலிப்பிற் கல்வி யாதும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. இராயப்பராகிய பேதுருவின் பெயர் தாங்கிய இராயபுரத்தில் டி'குரூஸ், டி'சூசா என்னும் பெயருடையார் அரியரல்லர். ஆங்கில எழுத்தில் இப்பெயர்களினிடையே ஒற்றை மேற்கோட்குறி நிற்கும். பெயரை வினாவோடு ஒட்டி எழுதினால், அக்குறியோடு பெயர் முடிந்ததெனத் தரவுத்தளம் கொண்டு, எஞ்சியதைக் கட்டளையாகப் படிக்கும். நல்லவர் பெயர் பிழையென்று தள்ளப்படும். தீயவன் எழுதியதோ கட்டளையாகவே நிறைவேறவுங்கூடும். வினாவில் @பெயர் என்று இடம் விட்டு, மதிப்பை வேறாக அனுப்பின் இவ்விரு கேடும் இல்லை. டாப்பரில் இதற்குக் கூடுதலாக ஒரு வரியும் வேண்டா. ஆயினும் பிடிவாதமாக ஒட்டி எழுதுவானை அது தடுக்காது என்பதையும் சொல்லிவிடுதல் முறை. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் நாளைக் கப்பல் முகவர் அலுவலகங்களிற் பிறர் பெயர்களைக் கையாளப் போகின்றவர்கள்.

பெருநூலகத்தாற் பயனில்லை என்பது எம் அபிப்பிராயமன்று. பொருள்களிற் செய்த மாற்றங்களைத் தானே கவனித்து அட்டவணையிற் பதிதல் முதலியவற்றை டாப்பர் செய்யாது. பெருந்திட்டங்களுக்கு அவை வேண்டற்பாலன. எனவே, முதலாண்டு முழுவதும் தூதனோடு மட்டும் மாணாக்கர் பழகட்டும். இரண்டாம் ஆண்டில் துபாஷியை அழைப்பதில் எமக்கு ஆட்சேபமில்லை. அவன் எழுதும் எஸ்.கியூ.எல்.-ஐத் திரையிற் காட்டும் வசதி அந்நூலகங்களிலேயே உளது. அதனைத் திறந்துவைத்துப் பயிலுமாறு ஆய்வக ஆசிரியர்கள் பணித்தல் வேண்டும்.