கூத்துக்கு விருது சரி... கூலி?

2025 பத்மஸ்ரீ பட்டியல்ல தமிழ்நாட்டுல இருந்து ரெண்டு பெயரைப் பார்த்து நிஜமாவே சந்தோஷப்பட்டேன். ஒருத்தர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான். இன்னொருத்தர் தெருக்கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப சம்பந்தன். நம்ம மக்கள் கிரிக்கெட் அஸ்வின் பேரோட நின்னுட்டாங்க, அது வேற விஷயம் :)

புரிசை, திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையா கூத்து கட்டுற குடும்பம். ந.முத்துசாமி 1977ல தொடங்கின கூத்துப்பட்டறைக்கு உரம் போட்டதுல சம்பந்தனோட அப்பா கண்ணப்ப தம்பிரானுக்குப் பெரிய பங்கு. 2016ல பாரீஸ்ல அரியான் முனுஷ்கினோட 'தியேத்ர து சொலேய்' குழு போட்ட நாடகத்துல தெருக்கூத்து வந்துச்சு. அந்த நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தவர் சம்பந்தன்தான்.

சரி, இதுல எனக்கு என்ன பிரச்சனை?

விருது ஒரு ஆளுக்கு. கூத்து ஒரு ஆள் சமாச்சாரம் இல்லை. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியப் பெட்டி, கட்டியக்காரன், பெண் வேஷம் கட்டுறவர், பின்பாட்டு... இதுல ஒருத்தர் வரலைன்னாலும் விடியற வரைக்கும் ஓட்ட முடியாது. நம்ம பொட்டிதட்டுற பொழப்புலயும் இதே கதைதானே? ராத்திரி முழிச்சது டீம், மேடையேறுறது மேனேஜர்! அமெரிக்காவுலயும் பாருங்க. கறுப்பினக் கலைஞர்களோட நீக்ரோ என்செம்பிள் கம்பெனி 1981ல மேடையேத்தின 'எ சோல்ஜர்ஸ் ப்ளே' 1982ல புலிட்சர் வாங்குச்சு. பரிசு, எழுதின சார்லஸ் ஃபுல்லர் பேருக்கு.

எங்க தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் திருவிழான்னா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில துரியோதனன் படுகளம். ஆனா வரவு செலவு நோட்டைப் பாருங்க. சீரியல் லைட்டுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் கேட்டதைக் கொடுப்போம். கூத்து செட்டுக்கு மட்டும், "கொஞ்சம் பாத்து சொல்லுப்பா". கலையைக் காப்பாத்தணும்னு ஸ்டேட்டஸ் போடுறவங்களும் இந்தப் பேரம் நடக்கும்போது வாயே திறக்கறதில்லை.

டெல்லி செய்ய வேண்டியதைச் செஞ்சிடுச்சு. மிச்சம் நம்ம ஊர்க்கூட்டத்துலதான் இருக்கு. அடுத்த முறை திருவிழா வரி கேட்டு வந்தா, கூத்து செட்டுக்கு எவ்ளோ கொடுக்கறீங்கன்னு கேளுங்க. ஆர்கெஸ்ட்ராவை விடக் குறைச்சல்னா சண்டை போடுங்க. தப்பே இல்ல.